தவறிய கோளும் தளராத மாணவியரும்

 

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணி 18 நிமிடத்திற்கு ஆந்திர மாநிலம் ஸ்ரீஹரிகோட்டாவின் கடலோரத்திலிருந்து 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் கொண்ட புதியதொரு ராக்கெட் விண்ணை நோக்கிக் கிளம்பியது. சிறு செயற்கைக்கோள்களைக் குறைந்த செலவில் ஏவுவதற்கென்று இஸ்ரோ நிறுவனம் வடிவமைத்த எஸ்.எஸ்.எல்.வி. என்னும் வகையில் அதுவே முதலாவது. அதன் முகட்டில் இரண்டு கோள்கள் அமர்ந்திருந்தன. ஒன்று இஸ்ரோ விஞ்ஞானிகள் ஆக்கிய, 135 கிலோ எடையுள்ள புவி நோக்குக் கோள். மற்றொன்று 8 கிலோ எடையே உள்ள சிறு பெட்டி. ஆஸாதிசாட் என்பது அதன் பெயர். உர்தூ அறிந்த நம் சகோதரிகளுக்கு அப்பெயரின் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. நாடு விடுதலை பெற்ற 75-ஆம் ஆண்டின் நினைவாக 75 அரசுப் பள்ளிகளிலிருந்து பள்ளிக்குப் பத்துப் பேராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 750 மாணவியரின் பங்களிப்பால் உருவானது அது. மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவியர் பதின்மரும் அவர்களுள் இருந்தனர்.

தாங்கள் தொட்டு ஆக்கிய பொருள் விண்ணேறுவதைக் காண மாணவியர் பலர் ஸ்ரீஹரிகோட்டாவுக்கே அழைத்து வரப்பட்டிருந்தனர். ராக்கெட் கிளம்பியது, கைதட்டல் எழுந்தது. முதல் மூன்று அடுக்குகளும் எரிந்து பிரிந்தன. பிறகு கட்டுப்பாட்டு அறையில் அமைதி. ராக்கெட்டிலிருந்து வர வேண்டிய சில விவரங்கள் வரவில்லை என்றனர். கோள்கள் சேர வேண்டிய பாதையில் சேரவில்லை, இனி அவற்றால் பயனில்லை என்பது அன்று பிற்பகலுக்குள் உறுதியாயிற்று.

சாதனை புரிந்த பெண்மக்களைப் பற்றி இத்தகைய பக்கங்களில் எழுதுவது வழக்கம். இம்மாதம் ஒரு தோல்வியைப் பற்றி எழுத விழைகின்றேன். அத்தோல்வியில் நம் இல்லங்களுக்கு உரிய பாடம் ஒன்று இருக்கின்றது.

மாணவியர் செய்த வேலை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். செயற்கைக்கோள் முழுவதையும் பள்ளி மாணவியரே தனித்து ஆக்கினார்கள் என்று எவரேனும் சொன்னால் அது மிகை. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் அமைப்பின் பொறியியல் குழுவினர் கோளின் உடலை அமைத்து, பகுதிகளை ஒன்றிணைத்துச் சோதித்தனர். மாணவியருக்கு எளிய மின்னணுப் பலகைகள் அளிக்கப்பட்டன. அவற்றை இயக்கும் நிரலை எழுதுவது எப்படி என்று வழிகாட்டப்பட்டது. ஒவ்வொரு பள்ளியின் பங்கும் ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள சிறு ஆய்வுக் கருவியாக அமைந்தது. இவ்வாறு 75 கருவிகள் ஒரே பெட்டிக்குள் அடங்கின. இவற்றோடு, வானொலி ஆர்வலர்கள் பயன்படுத்துவதற்கான செய்தி அஞ்சல் கருவியும், விண்வெளிக் கதிர்வீச்சை அளக்கும் கருவியும், கோள் தன் சூரியத் தகடுகளைத் தானே படமெடுக்கும் கேமராவும் இருந்தன.

50 கிராம் என்பது நம் கையில் ஒரு கோழிமுட்டையின் கனம். ஆனால் அந்த 50 கிராமுக்குள் ஒரு சிறுமி எழுதிய கட்டளை இருக்கின்றது. ஓர் எழுத்துப் பிசகினாலும் கருவி இயங்காது. பிசகிய இடத்தை அவளே தேடிக் கண்டு, திருத்தி, மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். பாடநூலை ஒப்புவித்துப் பெறும் மதிப்பெண்ணில் இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தார் மகிழத்தக்க மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். இக்கோளை உருவாக்கிய காலத்தில் அவ்வமைப்பின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராக இருந்தவர் கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியில் பிறந்த இளைஞர் ரிஃபாத் ஷாரூக். மாணவப் பருவத்திலேயே அவரும் அவருடைய தோழர்களும் 64 கிராம் எடையுள்ள கலாம்சாட் என்னும் சிறு கோளை உருவாக்கினர். 2017 ஜூன் மாதம் அமெரிக்காவின் நாஸா நிறுவனத்தார் அதனைத் தம் ராக்கெட்டில் வைத்துச் செலுத்தினர். பள்ளப்பட்டி நம்மவர் நிறைந்து வாழும் ஊர் என்பதை வாசகியர் அறிவர்.

நேர்ந்தது என்ன?

கல்லொன்றைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால், போதிய வேகம் இருக்கும்வரை அது வட்டமிடும். வேகம் குறைந்தால் தளர்ந்து விழும். பூமியைச் சுற்றும் கோளுக்குப் பூமியின் ஈர்ப்பே கயிறு. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதையில் நிலைக்க வேண்டுமாயின் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் வேண்டும். அதில் சிறிதளவு குறைந்தாலும் வட்டம் நீள்வட்டமாகி, ஒரு பக்கம் பூமியை நெருங்கிவிடும். அன்று நிகழ்ந்தது இதுவே. ஒரு முனையில் 356 கிலோமீட்டரும் மறுமுனையில் 76 கிலோமீட்டரும் உள்ள பாதையில் கோள்கள் விடப்பட்டன. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெல்லியதுதான். ஆயினும் அவ்வளவு வேகத்தில் செல்லும் பொருளுக்கு அதுவே சுவர் போலாகிவிடும். கோள்கள் நிலைக்கவில்லை.

வேகம் ஏன் குறைந்தது? காரணத்தை இஸ்ரோவினர் ஆராய்ந்து பின்னர் வெளியிட்டனர். சகோதரிகள் இதனை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு எரிந்து முடிந்து பிரிந்தபோது ஓர் அதிர்வு எழுந்தது. அது கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவாகவே நீடித்தது. ராக்கெட்டின் வேக மாற்றத்தை அளந்து சொல்லும் உணரிகள் அந்த அதிர்வில் ஒரு கணம் தடுமாறி, அளவுக்கு மீறிய எண்களைக் காட்டின. பழுதான உணரிகளைக் கண்டு ஒதுக்குவதற்கென்று ராக்கெட்டின் கணினியில் ஒரு மென்பொருள் இருந்தது. அது அந்தத் தடுமாற்றத்தைக் கண்டவுடன், இவ்வுணரிகள் பழுதாகிவிட்டன என்று தீர்ப்பளித்து அவற்றின் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டது. உண்மையில் உணரிகள் பழுதாகவில்லை. அதிர்வு அடங்கியதும் அவை முன்போலவே சரியாக அளந்தன. ஆனால் தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. ராக்கெட் இடர்க்கால முறைக்கு மாறியது. வேகத்தை இறுதியாகச் சீர்செய்யும் கடைசிப் பகுதி இயக்கப்படவே இல்லை. நல்ல நிலையில் இருந்த கருவிகளைக் கெட்டுவிட்டவை என்று அவசரப்பட்டு ஒதுக்கியதால் இரண்டு கோள்களும் போயின.

ஆறு மாதம் கழித்து

விஞ்ஞானிகள் இரண்டு திருத்தங்களைச் செய்தனர். அடுக்குகள் பிரியும்போது எழும் அதிர்ச்சி குறையுமாறு பிரிக்கும் அமைப்பை மாற்றினர். உணரி பழுதானது என்று மென்பொருள் முடிவு கட்டும் முறையையும், ஒரு கணத் தடுமாற்றத்தைக் கொண்டு தீர்ப்பளிக்காத வகையில் திருத்தினர்.

மாணவியரின் கோளும் மீண்டும் உருவாயிற்று. ஆஸாதிசாட்-2 என்று பெயரிடப்பட்ட அதன் எடை 8.7 கிலோ. 2023 பிப்ரவரி 10-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அதே ஸ்ரீஹரிகோட்டா, அதே காலை 9 மணி 18 நிமிடம். எஸ்.எஸ்.எல்.வி. வகையின் இரண்டாவது ராக்கெட் கிளம்பியது. ஏறத்தாழ 15 நிமிடப் பயணத்தில் மூன்று கோள்களையும் 450 கிலோமீட்டர் உயரத்தில் உரிய வட்டப் பாதையில் சேர்த்தது. அம்மூன்றில் ஒன்று நம் மாணவியரின் கோள். அல்ஹம்துலில்லாஹ்!

முதல் ஏவலுக்கும் இரண்டாம் ஏவலுக்கும் இடையே 187 நாள்கள். அந்நாள்களில் எவரும் அம்மாணவியரைப் பார்த்து, உங்களுக்கு இது வராது, அடுப்படிக்குச் செல்லுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. பழுது மாணவியரிடத்தில் இருக்கவில்லை என்பதும், பழுது எங்கே இருந்தாலும் அதைக் கண்டு திருத்துவதே அறிவியல் என்பதும் அங்கே எல்லாரும் அறிந்தவை.

நம் இல்லத்து மென்பொருள்

இனி நம் இல்லங்களுக்கு வருவோம்.

ஒரு வீட்டில் மகனும் மகளும் இருக்கின்றார்கள். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தவறிவிட்டான். வீட்டில் வருத்தம்தான், ஆயினும் உடனே துணைத் தேர்வுக்குப் பணம் கட்டப்படுகின்றது. தனிப்பயிற்சிக்கு ஆசிரியர் அமர்த்தப்படுகின்றார். "ஆம்பளப் புள்ள, ரெண்டு தடவ விழுந்தாலும் எந்திரிச்சுக்குவான்" என்று பெரியம்மா தேறுதல் சொல்கின்றார். அடுத்த ஆண்டு அதே பாடத்தில் மகள் தவறுகின்றாள். அல்லது தவறக்கூட இல்லை. எதிர்பார்த்ததைவிடச் சில மதிப்பெண்கள் குறைந்துவிட்டன. "போதும்மா. படிச்சது வரைக்கும் போதும். வந்த எடத்தப் பேசி முடிச்சுருவோம்" என்கிறார் அத்தா. மகள் எதுவும் பேசவில்லை. பேசாமலிருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கின்றோம்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இதனைப் படிக்கும் தாய்மார்களுள் எத்தனை பேர் தம் உறவில் இத்தகைய ஒரு வீட்டை நினைத்துக்கொள்வீர்கள் என்பதை உங்கள் உள்ளத்திற்கே விட்டுவிடுகிறேன்.

அந்த ராக்கெட்டின் மென்பொருள் செய்த பிழையும் இதுவே அல்லவா? பெண்ணின் வாழ்வில் அடுக்குகள் பிரியும் காலங்கள் உண்டு. பூப்பெய்தும் பருவம் ஒன்று. பத்தாம் வகுப்பிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் காலம் ஒன்று. உள்ளூர்ப் பள்ளியை விட்டு வெளியூர்க் கல்லூரிக்குச் செல்லும் காலம் மற்றொன்று. ஒவ்வொரு பிரிவிலும் ஓர் அதிர்வு எழத்தான் செய்யும். மதிப்பெண் சரியும், மனம் கலங்கும், சில நாள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருப்பாள். அந்த ஒரு கணத் தடுமாற்றத்தைக் கண்டு, "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று தீர்ப்பளித்துவிட்டால், அதிர்வு அடங்கிய பின் அவள் எவ்வளவு சரியாக அளந்து சொன்னாலும் கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை.

விஞ்ஞானிகள் செய்த இரண்டு திருத்தங்களும் நம் இல்லங்களுக்கும் பொருந்தும். முதலாவது, பிரிவின் அதிர்ச்சியைக் குறைப்பது. புதிய பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்லும் மகளுக்கு முதல் ஆண்டில் துணை வேண்டும்; பேருந்துக்கும் விடுதிக்கும் ஏற்பாடு வேண்டும்; பேசுவதற்கு ஒரு தாய் வேண்டும். இரண்டாவது, தீர்ப்புக்கு முன் காத்திருப்பது. மகனுக்குக் கொடுக்கும் அதே கால அவகாசத்தை மகளுக்கும் கொடுப்பது.

மார்க்கம் தடுக்கின்றதா?

பெண்மக்களை விஞ்ஞானம் படிக்க அனுப்பினால் மார்க்கப் பேணுதல் குறைந்துவிடுமே என்று அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களுடைய அச்சத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. நாணத்தையும் தொழுகையையும் கைவிட்டுப் பெறும் எந்தப் பட்டமும் நமக்கு வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் பகை உண்டு என்பதற்கு வரலாற்றில் சான்று இல்லை.

பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். மகனைப் பறிகொடுத்த அத்துயரிலும் பெருமானார் (ஸல்) அவர்கள் அப்பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களைத் திருத்தினார்கள், தொழுமாறு பணித்தார்கள். இயற்கையின் காரணத்தைப் பிழையாகச் சொல்வதை மார்க்கம் விரும்பவில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் எழுதிய இப்னு நதீம் என்னும் நூற்பட்டியல் ஆசிரியர், வானியல் கருவிகள் செய்த கைவினைஞர்களின் வரிசையில் ஒரு பெண்மணியையும் குறிப்பிடுகின்றார். அல்-இஜ்லிய்யா என்பது அவர் அறியப்படும் பெயர். தம் தந்தையாரைப் போலவே அவரும் அஸ்தர்லாப் என்னும் கருவி செய்வதில் தேர்ந்தவர். ஹலப் நகரை ஆண்ட ஸைஃபுத் தவ்லாவின் காலத்தவர். நேரம் கணிக்கவும் கிப்லாவின் திசை அறியவும் பயன்பட்ட கருவி அஸ்தர்லாப். அப்பெண்மணியைப் பற்றி நமக்குக் கிடைப்பவை இந்தச் சில சொற்களே. பிற்காலத்தார் அவர் மீது ஏற்றிச் சொல்லும் கதைகள் பல. அவை நமக்குத் தேவையில்லை. தந்தையின் கலையில் மகளும் தேர்ந்தாள், கைவினைஞர்களின் வரிசையில் அவளும் இடம்பெற்றாள் என்பதே நமக்குப் போதுமானது.

செங்கோட்டையிலிருந்து சூரியனை நோக்கி

பழங்காலத்துச் சான்று இருக்கட்டும். நம் காலத்தில், நம் மண்ணில் எவரேனும் உண்டா என்று கேட்கலாம். உண்டு. தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்து, அவ்வூரின் எஸ்.ஆர்.எம். அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தவர் நிகார் ஷாஜி. தந்தையார் கணிதம் பயின்று வேளாண்மையை மேற்கொண்டவர். நிகார் ஷாஜி திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தார். பிறகு ராஞ்சிக்கு அருகிலுள்ள மெஸ்ரா சென்று மேற்படிப்பு முடித்தார். 1987-ஆம் ஆண்டு இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராய்வதற்கென்று இந்தியா அனுப்பிய முதல் விண்கலமான ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராக அவர் பொறுப்பேற்றிருந்தார்.

அத்திட்டமும் ஒரே மூச்சில் முடிந்ததன்று. 2008-ஆம் ஆண்டளவில் அது எண்ணப்பட்டபோது, ஒரே ஒரு கருவியுடன் பூமியை 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சிறிய கோளாகவே எண்ணப்பட்டது. பின்னர் அது விரிந்து, ஏழு கருவிகளுடன் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொள்ளும் பெருந்திட்டமாயிற்று. நிலவின் தொலைவைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அது. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஏவப்பட்ட கலம், 2024 ஜனவரி 6-ஆம் நாள் தன் இடத்தை அடைந்தது. அதில் உள்ள முதன்மைக் கருவி, சூரியனின் ஒளிவட்டை உள்ளேயே மறைத்துச் செயற்கையாக ஒரு கிரகணத்தை உண்டாக்கி, சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிமண்டலத்தை ஆராய்கின்றது. கிரகணத்தின்போது நாம் தொழுகையில் நிற்கின்றோம். நம் சகோதரி ஒருவர் தலைமை தாங்கிய குழு, அல்லாஹ்வின் அந்த அத்தாட்சியை நாள்தோறும் உற்று நோக்கும் கருவியை விண்ணில் நிறுத்தியிருக்கின்றது.

அவர் பணியில் சேர்ந்த ஆண்டுக்கும் ஆதித்யா ஏவப்பட்ட ஆண்டுக்கும் இடையே 36 ஆண்டுகள். செய்தித்தாளில் நாம் கண்டது ஒரு நாள் புகைப்படம். அதற்குப் பின்னால் உள்ள ஆண்டுகளில் எத்தனை சோதனைகள் பிசகியிருக்கும், எத்தனை கருவிகள் மீண்டும் செய்யப்பட்டிருக்கும் என்பதை, ஒரு சிறு ராக்கெட்டின் கதையைக் கேட்ட நாம் உணர முடியும். செங்கோட்டைப் பெண்கள் பள்ளியின் வாயிலை விட்டு வெளியே வந்த அந்நாளில், "இதுவரை போதும்" என்று எவரேனும் முடிவு கட்டியிருந்தால்?

கண்காட்சியும் கற்றலும்

நம் பெண்கள் பள்ளிகளில் ஆண்டுதோறும் அறிவியல் கண்காட்சி நடைபெறுகின்றது. மேசைதோறும் தெர்மக்கோல் எரிமலை. சோடா உப்பும் வினிகரும் கலந்தால் பொங்கும் நுரை. மின்விளக்கு எரியும் சூரியக் குடும்பம். பலவற்றை வீட்டுப் பெரியவர்கள் செய்து கொடுக்கின்றார்கள். சிலவற்றைக் கடையில் வாங்கி வருகின்றார்கள். மாணவி மனப்பாடம் செய்த நான்கு வரிகளை ஒப்புவிக்கின்றாள். பரிசும் பெறுகின்றாள். அதில் அவள் கற்றது குறைவு. ஏனெனில் அங்கே எதுவும் தவறுவதற்கு இடமில்லை. தவறாத இடத்தில் தேடலும் இல்லை.

இதற்கு மாற்றாக, செலவே இல்லாத ஒரு சோதனையைச் சொல்கிறேன். பள்ளி முற்றத்திலோ வீட்டு மாடியிலோ ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பை நேராக நடச் சொல்லுங்கள். நண்பகலை ஒட்டிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை மகள் அளந்து குறிக்கட்டும். நிழல் மிகக் குறுகிப் பின் நீளத் தொடங்கும் வேளையில் லுஹர் நேரம் தொடங்குகின்றது. அந்தக் குறுகிய நிழலின் அளவோடு கம்பின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளட்டும். மாலையில் நிழல் அந்த அளவை எட்டும்போது ஷாஃபி மத்ஹபின்படி அஸர் நேரம். குறுகிய நிழலோடு கம்பின் நீளத்தை இருமுறை கூட்டினால் ஹனஃபி மத்ஹபின்படி அஸர் நேரம். அவள் கண்ட நேரத்தைப் பள்ளிவாசலில் தொங்கும் தொழுகை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

முதல் நாள் ஒத்துப் போகாது. கம்பு சாய்ந்திருக்கும், தரை சமமாக இராது, அளவுகோலைச் சரியாக வைத்திருக்க மாட்டாள். இல்லையேல் நண்பகலில் மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அன்று அவளிடம், "பரவாயில்ல கண்ணு, நாளைக்கு மறுபடி பாரு" என்று சொல்லுங்கள். எங்கே பிசகியது என்று அவளே கண்டுபிடிக்கும்வரை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரு வாரத்திற்குள் அவள் கணக்கு அட்டவணையை நெருங்கும். ஒரு மாதம் தொடர்ந்து செய்தால் நண்பகல் நிழலின் நீளம் நாளுக்கு நாள் மாறுவதையும் தானே கண்டுகொள்வாள். அல்-இஜ்லிய்யாவின் கலைக்கு அதுவே முதற்படி.

இத்தகைய ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு வழிகளும் திறந்திருக்கின்றன. தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்னும் திட்டம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் செய்முறைச் சோதனைகளைக் கொண்டு செல்கின்றது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு மாணவியர் தம் சொந்த எண்ணங்களை எழுதி அனுப்பலாம். பள்ளி வாயிலாகவே அனுப்ப வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டால் மாதிரி செய்வதற்கு மாணவியின் வங்கிக் கணக்கிலேயே 10,000 ரூபாய் சேர்கின்றது. ஒன்பதாம் வகுப்பு படிப்போருக்காக இஸ்ரோ 2019-இல் தொடங்கிய யுவிகா என்னும் பயிற்சியும் உண்டு. கிராமப்புறப் பிள்ளைகளுக்கு அதில் முன்னுரிமை தருகின்றார்கள். தலைமையாசிரியரைச் சந்தித்து, எங்கள் பள்ளியிலிருந்து பெயர்கள் அனுப்பினீர்களா என்று கேட்பது பெற்றோரின் உரிமை; கடமையும்கூட. ஜமாஅத் பெரியவர்கள் தம் ஊர்ப் பெண்கள் பள்ளியில் மேல்நிலை அறிவியல் பிரிவு இருக்கின்றதா, ஆய்வகத்தில் கருவிகள் பூட்டிய அலமாரியில் தூசு படிந்து கிடக்கின்றனவா என்று ஒருமுறை சென்று பார்த்தால், அதுவும் ஒரு ஸதகா ஆகும்.

பெயர் அனுப்பியும் மகள் தேர்வாகாமல் போகலாம். அவள் எழுதிய எண்ணம் நிராகரிக்கப்படலாம். அன்று மாலை அவள் முகம் வாடி வருவாள். அந்த மாலைப் பொழுதில் நாம் என்ன சொல்கின்றோம் என்பதைப் பொறுத்தே அவளுடைய அடுத்த ஆண்டு அமையும்.

திருமங்கலத்து மாணவியரும் அவர்களைப் போன்ற எழுநூற்றுச் சொச்சம் பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இழந்ததை, ஒரு வெள்ளிக்கிழமை திரும்பப் பெற்றார்கள். அவர்களுக்கு 187 நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது. நம் வீட்டுப் பெண்மக்களுக்கு நாம் எத்தனை நாள் கொடுக்கின்றோம்? இன்றிரவு, பிள்ளைகள் உறங்கிய பின், கணவரும் மனைவியுமாக அமர்ந்து இக்கேள்வியைப் பேசிப் பாருங்கள்.

நம் பெண்மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்குப் பொறுமையுள்ள இதயத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.